சிணுங்குது என்றால் இரண்டு கிளிக்

சோலைமலைக்கு வண்டியைப் பற்றிப் பேசத் தெரியாது.
"பின்னால சிணுங்குதுக்கா" என்பான்
ஹெல்மெட்டைக் கழற்றாமலே.
முதல் மாதம் முழுக்க
எங்களுக்கு அது விளங்கவில்லை.
ஆரோன் செயினைத் தளர்த்தினான், இறுக்கினான்,
காதர் மைதீன் டயரில் காற்றைக் குறைத்தார்,
நான் நோட்டில் 'சிணுங்கல்' என்று எழுதி
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

மேலூர் ரோட்டில், ஒத்தக்கடை தாண்டி,
எவரும் வாங்காத பிளாட்டுகளுக்கு
முன்கூட்டியே போட்டுவைத்த தார்ச்சாலை.
'மூன்றாம் குறுக்குத் தெரு'தான் எங்கள் ஹேர்பின்.
மஞ்சள் கல்லில் முழங்கால் உரச வளைவான்.
விடிந்தும் விடியாமல் யானைமலை கிடக்கும்.
மயில் குறுக்கே வராதபடி
தங்கப்பாண்டி துண்டை வீசிக்கொண்டு நிற்பார்.
நான் ஸ்டாப்வாட்சோடு
பூங்காவுக்கென்று ஒதுக்கிய முள்ளுக்காட்டில்.

மெல்லத்தான் அகராதி சேர்ந்தது.
சிணுங்குது: ரீபவுண்ட், இரண்டு கிளிக்.
மூக்கு முட்டுது: முன் ஃபோர்க்கில் பத்து மில்லி ஆயில் கூட.
தூக்கக் கலக்கத்துல இருக்கு: ஜெட்டை மாற்று.
"சொன்ன பேச்சு கேக்குது" என்று
ஒரே ஒரு தடவை சொன்னான்.
அன்றைக்கு யாரும் எதையும் தொடக்கூடாதென்று
ஆரோன் ஸ்பேனர் பெட்டியைப் பூட்டி
சாவியை என்னிடம் கொடுத்துவிட்டான்.

பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள்.
என் ஜெராக்ஸ் கடையின் இரண்டாவது மெஷின் போனது.
காதரின் சகலை ஒரு ஜோடி டயர் கொடுத்தார்,
திருப்பிக் கேட்கவும் செய்தார்.
கோயமுத்தூருக்கு வண்டியை ஏற்றிப்போனது
தங்கப்பாண்டியின் பிராய்லர் கோழி வேன்.
சோதிக்க வந்த அதிகாரி
ஏர்பாக்ஸுக்குள்ளிருந்து
ஒரு வெள்ளை இறகை இரண்டு விரலால் எடுத்து
எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.
அவன் மட்டும் சிரித்தான்.
பதினேழாவதாகக் கிளம்பி
மூன்றாவதாக வந்தான் அன்று.

தங்கமான பிள்ளை என்றெல்லாம் சொல்ல மாட்டேன்.
ஜெயித்தால் எங்களை மறப்பான்,
விழுந்தால் எங்களோடு பேச மாட்டான்.
தோள் எலும்பு விட்டுப்போன மழைநாளில்
பெரியாஸ்பத்திரி வராந்தாவில்
"என்னப்பா ஆச்சு?" என்று மாற்றி மாற்றிக் கேட்டோம்.
"ஒண்ணுமில்ல."
அந்தச் சொல்லுக்கு நோட்டில் அளவு கிடையாது.
எத்தனை கிளிக், எந்தப் பக்கம்?
ஆரோன் அவன் கால்மாட்டில் உட்கார்ந்து
ரொம்ப நேரம்
நகக்கண்ணில் இருந்த கிரீஸைத் தோண்டிக்கொண்டிருந்தான்.

பங்குனியில் பெரிய டீமிலிருந்து ஆள் வந்தது.
ஒப்பந்தத்தை என் கடையில்தான் நகல் எடுத்தோம்,
பதினோரு பக்கம், மூன்று பிரதி.
காசு வாங்கவில்லை.
வாங்கியிருக்கலாம் என்று பிறகு தோன்றியது.

நேற்று இரவு பதினொன்றரைக்குப் போன்.
கீழமாசி வீதியில் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தேன்.
"அக்கா, இங்க எல்லாம் கம்ப்யூட்டர்லதான் பாக்குறாங்க.
சிணுங்குதுன்னு சொன்னேன்.
எந்த லேப்ல, எத்தனாவது செகண்டுலங்குறாங்க.
நான் என்னத்தச் சொல்ல?"

நோட்டு மேசை டிராயரில் இருந்தது.
எடுக்கத் தேவைப்படவில்லை.
"ரீபவுண்டுன்னு சொல்லு. ரெண்டு கிளிக். இறுக்கச் சொல்லு."
பக்கத்தில் யாரிடமோ அவன் சொல்வது கேட்டது.
ரீபவுண்ட் என்ற சொல் அவன் வாயில்
இரவல் சட்டை மாதிரி.
"வேற?" என்றேன்.
கொஞ்ச நேரம் ஜெனரேட்டர் இரைச்சல் மட்டும்.
"ஒண்ணுமில்லக்கா."

பாதி இறங்கிய ஷட்டரைப் பிடித்தபடி
ஆரோனுக்கு அடித்தேன்.
அவனும் தூங்கியிருக்கவில்லை.
"என்னவாம்?"
"சிணுங்குதாம்."
"முன்னாலயா, பின்னாலயா?" என்றான்,
எழுந்து லைட்டைப் போடும் சத்தத்தோடு.