கீழாநெல்லிக்கு என்ன விலை

பலகையில் மூலிகைப் பண்ணை என்றுதான் இருக்கிறது.
சோறு போடுவது
கடியத்திலிருந்து லாரியில் வந்திறங்கும் ரோஜா.
பூத்து நிற்பதைப் பூவோடு தூக்கிப் போகிறவர்கள்
ஆடாதோடைப் பக்கம் திரும்புவதில்லை.
ஆடே திரும்பாத செடி அது,
ஆளைக் குறை சொல்லி என்ன.

ராஜகிரி தாண்டி ரோட்டோரம் அறுபது குழி.
குத்தகைக்கு எடுத்தபோது உளுந்துத் தாள் கிடந்தது.
குடமுருட்டியில் தண்ணீர் ஓடும் மாதங்களில்
போர்த் தண்ணீரும் கொஞ்சம் இனிக்கும்.
வைகாசியில் வல்லாரை ஓரம் கருகினால்
மேட்டூரைத் திட்டிக்கொள்வோம்.

மண் கலப்பது நான்.
இரண்டு சட்டி செம்மண், ஒரு சட்டி மக்கின எரு,
கைக்கு வந்த அளவு கருக்காய்.
பை நிரப்புவது அவர்.
பேசாமல் நிரப்பினால் மணிக்கு நூற்றைம்பது,
வடுவூர் கபடி பற்றிப் பேச ஆள் கிடைத்தால் அறுபது.
தண்ணீர் விடுவது கொழுந்தன் ஞானஸ்கந்தன்,
ஒரு கையில் ஓஸ், மறு கையில் போன்.
வல்லாரைக்குச் சேர வேண்டியது
கற்றாழைக்குப் போய்விடும்.
"வேண்டியதை மட்டும் குடிச்சுக்கத் தெரியாதா அண்ணி
ஒரு செடிக்கு?" என்பான்,
அழுகின கற்றாழையைத் தூக்கிக் காட்டினாலும்.

எந்தப் பையிலும் கேட்காமல் முளைப்பது கீழாநெல்லி.
தூதுவளைக்குப் பக்கத்தில்,
மருக்கொழுந்தின் காலடியில்,
இலைக்கு அடியில் காயை ஒளித்துக்கொண்டு.
தினம் பிடுங்கினாலும் வாரத்துக்கு மூன்று கூடை.

ஐப்பசியில் மழை விட்டிருந்த ஒரு மத்தியானம்
எக்செல்லில் வந்து இறங்கினாள் ஒருத்தி.
கபிஸ்தலமாம்.
பின்னால் ஒரு பையன், கண் இரண்டும் மஞ்சள்.
"கீழாநெல்லி இருக்கா? வேரோட வேணும்."
"மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?"
"தஞ்சாவூர்ல பாத்தாச்சு. மாத்திர ஓடுது.
இது எங்க மாமியா மனசுக்கு."

காலையில்தான் முழுக்கக் களையெடுத்திருந்தோம்.

எண்ணாயிரம் பையில் ஒன்றுகூட இல்லை.
எருக்குழியில் கிடந்தது எல்லாம்
மழையில் ஊறிக் கொழகொழத்துவிட்டது.
நான் ரோஜா வரிசையில் குனிந்து போகிறேன்,
அவர் பச்சை வலைக்கு அடியில் தவழ்கிறார்,
போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு
ஞானஸ்கந்தன்கூடத் தேடுகிறான்.
பையன் ரோஜா முள்ளைத்
தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

கடைசியில் மோட்டார் கொட்டகைச் சுவரோரம்,
கரண்ட் மீட்டருக்குக் கீழே,
சிமெண்ட் வெடிப்பில் ஒன்று.
அவர் கொறடால் சிமெண்டைப் பெயர்த்தார்.
நான் பையில் மண் போட்டு நட்டுக் கொடுத்தேன்.

"எவ்வளவு?"

அவர் என்னைப் பார்த்தார்.
நோட்டில் ரோஜா எண்பது, தூதுவளை இருபத்தைந்து,
வெட்டிவேர் நாற்று கட்டுக்கு முப்பது.
பிடுங்கி எறிவதற்கு விலை எழுதிய பக்கம் கிடையாது.
கூட்டுறவு வங்கியில் என் வளையல் நான்கும்
வட்டியோடு தூங்குகிற ஞாபகம் வந்ததோ என்னவோ,
"பன்னெண்டு" என்றது என் வாய்.
"பைக்கு" என்று சேர்த்தேன், கொஞ்சம் தாமதமாக.

இருபது ரூபாயை மேசையில் வைத்தாள்.
சில்லறை எடுக்க உள்ளே போய்த் திரும்புவதற்குள்
வண்டி ரோட்டில் ஏறிவிட்டது.
பையன் மடியில் அந்தப் பை,
கைக்குழந்தைபோல நிமிர்ந்து.

அன்று சாயங்காலம் அவர் மணிக்கு நூற்றைம்பது பை நிரப்பினார்.

மறுநாள் கூடை நிறையப் பிடுங்கி வந்து
எறியாமல், நாற்பது பையில் வரிசையாக நட்டேன்.
வேளைக்குத் தண்ணீர், மதியத்துக்கு நிழல்.
ஒரு வாரத்தில் முப்பத்தேழு வாடிப்போயின.
பக்கத்து ரோஜாப் பைகளில்
அது பாட்டுக்குச் செழித்துக் கிடக்கிறது.

"கேட்டு வச்சா கோவம் அண்ணி அதுக்கு" என்கிறான் ஞானஸ்கந்தன்.

மார்கழி முடியப் போகிறது.
கபிஸ்தலம் பக்கமிருந்து எக்செல் சத்தம் கேட்டால்
இப்போதும் தலையைத் தூக்கிப் பார்க்கிறேன்.
நோட்டில் அந்தத் தேதிக்கு நேரே இருக்கிறது:
கீழாநெல்லி ஒன்று, ரூபாய் பன்னிரண்டு.
நாம் தர வேண்டியது, எட்டு.