துணைவினை

முதலில் றபர் வளையம்.
உப்புக்கு ஒன்று, சீனிக்கு இரண்டு,
மிளகாய்த்தூளுக்கு மூன்று.
முதல் கிழமையே இரண்டையும் மூன்றையும் குழப்பி
ஒரு தேத்தண்ணி போட்டேன்.
விமலேந்திரன் இருமி முடிக்கக் கால் மணித்தியாலம்.
"நான் போட்டுத் தந்திருப்பேனே" என்றார்.

அந்த வாக்கியம்தான்.
இரண்டு வருஷமாக வீட்டில் எல்லாமே
எனக்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்:
கடிதம் பிரிந்திருக்கும், பழம் உரிந்திருக்கும்,
வெளியே போனால் என் முழங்கையைப் பிடித்து
கடைவண்டி போலத் தள்ளிக்கொண்டு போவார்.
அன்புதான். இல்லையென்று சொல்லவில்லை.
ஒரே பக்கம் படுத்தால் கை மரத்துப்போவதுபோல
அன்பிலும் மரத்துப்போகலாம்.

என் பார்வை ஓரத்திலிருந்து கருகியது,
அடுப்பில் மறந்த அப்பம் மாதிரி.
நடுவில் ஒரு காசளவு வெள்ளை மிச்சம்.
அதற்குள் ஒரு நேரத்தில்
பாதி முகம் வரும், அல்லது ஓர் எழுத்து.

பிரிங்க்மன் செவ்வாய்தோறும் வந்தாள்.
என் வயதுதான், சிரித்தால் சுவர் அதிரும்.
"ப்ரோபியரன்" என்று நூறு தரம் சொல்வாள்.
அதைத் தமிழில் எனக்குள் சொன்னபோதுதான் கவனித்தேன்:
நடந்து பார்.
ஊற்றிப் பார்.
கேட்டுப் பார்.
எங்கள் மொழியில் முயல்வதற்கே
பார் என்றுதான் பெயர்.
அந்தப் பாருக்குக் கண் வேண்டாம்.
வினையின் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும்,
வகுப்பில் துணைவினை என்றார்கள்.

கோப்பை நிரம்ப நிரம்பச் சத்தம் மெலிந்து உயரும்: பார்த்தேன்.
இருபது சென்ட் விளிம்பில் ஏழு வெட்டு: பார்த்தேன்.
சாவி இடப்பக்கம். எப்போதும் இடப்பக்கம்.
காலை ஆறரைக்கு வெள்ளைத்தடியோடு வாசல்,
மழையானாலும்
(வுப்பர்டாலில் இதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை)
தொங்குரயிலில் இரண்டாவது தரிப்பு, பாண்கடை.

தனியே போன முதல் நாள்
பின்னால் இருபது அடியில் ஒரு சப்பாத்து கிறீச்சிட்டது.
நான்கு உருண்டைப் பாண் வாங்கி
திரும்பாமலே பையை நீட்டினேன்:
"பாரமாயிருக்கு. நீங்களே தூக்குங்கோ."
கடைக்காரி சிரித்தாள்.
சப்பாத்து சிரிக்கவில்லை.

எட்டாம் நாள் பின்னால் யாருமில்லை.
அன்றுதான் எண்ணிக்கை தவறியது.
எங்கோ ஒரு குழந்தை அழ, காது அங்கே போய்விட்டது.
காலுக்குக் கீழே ஆறாக இருந்த சத்தம்
சட்டென்று லொறிச் சத்தமானது.
ஆறு விலகித் தெரு தொடங்கினால்
என் தரிப்பு தாண்டிவிட்டது.

வலது கை கைப்பேசிக்குப் போனது.
முதல் பொத்தானில் அவர் பெயர்.
இடது கை சாவியைத் தொட்டது.
இருக்கிற இடத்தில் இருந்தது.
சிரிப்பாக இருக்கலாம், ஆனால்
அந்தச் சாவிதான் என்னை இறக்கிவிட்டது.

இயந்திர எண்ணெய் மணக்கும் ஒருவனைக் கேட்டேன்.
பயத்தில் என் ஜெர்மன் வேற்றுமை உருபெல்லாம் கொட்டிப்போயின.
அவனுக்கு விளங்கியது.
"படி இறங்கு, தெருவைக் கட, மறுபடி ஏறு.
கூட வரட்டுமா?"
வேண்டாம் என்றேன்.
பாதிப் படியில், வரச்சொல்லியிருக்கலாம் என்று நினைத்தேன்.
மீதிப் படியையும் இறங்கினேன்.

வீடு சேர ஒரு மணித்தியாலம் பிந்தியது.
பாண் ஆறியிருந்தது.
விமலேந்திரன் ஒன்றும் கேட்கவில்லை.
மேசைக்கடியில் கிறீச்சென்றது.
வீட்டுக்குள் சப்பாத்து.
நாடா கட்டி, கதவைப் பார்த்தபடி,
எழும்பாமல் இருந்திருக்கிறார் இவ்வளவு நேரமும்.
அவரும் ஏதோ பழகுகிறார்.

தண்ணீர் கொதித்தது. கோப்பையின் சத்தம் உயர்ந்தது.
போத்தலைத் தடவினேன், இரண்டு வளையம்,
இன்னொரு தரம் தடவினேன்.
"குடிச்சுப் பாருங்கோ."

கொஞ்சம் பயந்தபடிதான் குடித்தார்.