விரற்கடை நோட்டுகள்

ஜனவரி இருபத்துநான்கு. உச்சிப்பொழுது.
லா பாஸ் நகரமே சின்னதாகிப் போகும் நாள்.
உள்ளங்கையில் அடங்கும் வீடு,
தீப்பெட்டி அளவில் லாரி,
விரற்கடை நீளத்தில் நோட்டுக் கட்டுகள்.
எதை வாங்கிப் புகை காட்டினாலும்
ஆண்டு முடிவதற்குள்
அது வளர்ந்து வாசலில் நிற்கும்
என்பது அலாசித்தாஸ் சந்தையின் வாக்கு.

நான்கு வருடம் வாங்கினேன்.
குட்டி டாலர்கள் திணித்த நான்கு பெட்டிகள்.
ஒன்றைக் கட்டிலுக்கடியில் எலி கொறித்துவிட்டது.
'இதற்குப் பெயர்தான் பணவீக்கம்'
என்று சிரித்தாள் யுரிட்சா.
எங்கள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள்.

நான் அங்கே வரவேற்பு மேசை.
எல் ஆல்ட்டோவில், சந்தைக்கு மேலே
இரண்டாம் மாடியில் பல் மருத்துவம்.
ஊரார் எல்லோரும் வாய் திறக்கும் இடத்தில்
ஆறு வருடம்
நான் மட்டும் திறக்கவில்லை.
'எனக்குக் கணக்கு வராது' என்பேன்,
பூனைமுடி ஒத்துக்கொள்ளாது
என்று சொல்வதைப் போல.

போன ஜூலையில் சாலை மறியல்.
டயர் எரிந்த புகை ஜன்னல் வரை வந்தது.
நோயாளிகள் இல்லை, பேருந்து இல்லை,
ஒரு ஹீட்டர், இரண்டு நாற்காலி, நீண்ட இரவு.
யுரிட்சா ஒரு பல் அட்டையை எடுத்து
என் முன்னால் வைத்தாள்.
முப்பத்திரண்டு கட்டங்கள்.
'உன் சம்பளம்?'
இரண்டாயிரத்து ஐந்நூற்று அறுபது பொலிவியானோ.
'அப்படியென்றால் பல்லுக்கு எண்பது.
வாயைத் திற.'

வாடகை, மேல்வரிசையில் பத்துப் பல்.
சாப்பாடும் கேபிள் காரும் ஒன்பது.
அண்ணனின் மோட்டார் சைக்கிள் தவணை ஐந்து.
பசானாக்கு, அதாவது எங்கள் ஊர்ச் சீட்டு, மூன்று.
'வெள்ளிக்கிழமை தந்துவிடுகிறேன்' என்று
எந்த வெள்ளி என்று சொல்லாத ரூபனுக்கு
நான்கு.
நான்கும் ஞானப்பல்.

மிச்சம் ஒன்று.
அது எங்கே போகிறது என்று
இருவரும் விடியும்வரை யோசித்தோம்.
இன்றுவரை தெரியாது.

'உனக்கென்று எந்தப் பல்?' என்றாள்.
பொக்கை வாயாக உட்கார்ந்திருந்தேன்.

பிறகு யுரிட்சா தன் சம்பளத்தைச் சொன்னாள்.
சத்தமாக, எண்ணாக.
இரண்டு முறை கேட்டு வாங்கியதாம்.
ஆறு வருடம் ஒரே குவளையில் காப்பி குடித்தோம்,
அந்த எண்ணை மட்டும்
ஒருவருக்கொருவர் மறைத்தோம்,
என்னவோ உள்ளாடையைப் போல.

ஒரு வாரம்
காலியான பல் நாற்காலியிடம் பேசிப் பழகினேன்.
டாக்டர் சாவெத்ராவிடம் அறுநூறு கூடுதல் கேட்டேன்.
கேட்டுவிட்டு, 'இல்லையென்றாலும் பரவாயில்லை'
என்று நாக்கு நுனிவரை வந்ததை
மென்று விழுங்கினேன்.
கம்ப்ரசர் உறுமியது.
'பார்க்கலாம்' என்றார்.
'எந்தத் தேதியில்?' என்றது
என் குரலைப் போலவே இருந்த ஒரு குரல்.

முந்நூற்று ஐம்பது கிடைத்தது.
கழிவறையில் போய்க் கொஞ்சம் அழுதேன்,
பாதி மகிழ்ச்சி, பாதி
ஆறு வருடத்தின் முந்நூற்று ஐம்பதுகள்.

ரூபனுக்கு இல்லை என்றேன்.
'நீ மாறிவிட்டாய்' என்றான்.
ஆமாம்.
சில்லறை நோட்டாக மாறுவதைப் போல.

அண்ணனின் ஐந்தையும் நான் பிடுங்கவில்லை.
பக்கத்தில் 'பாசம்' என்று எழுதி
கீழே 'அக்டோபரோடு முடியும்' என்றும் எழுதினேன்.
அவன் முகம் சுளித்தான். எழுதியது எழுதியதுதான்.

இன்று மறுபடியும் சந்தை, மறுபடியும் அதே பெட்டி.
'ஐந்து பொலிவியானோ' என்றாள் கடைக்காரி.
மூன்றரை என்றேன்.
'பொய்ப் பணத்துக்குமா பேரம், பெண்ணே?'
அவளும் சிரித்தாள், ஆனால் தந்தாள்.

மீதி ஒன்றரையை
அங்கேயே, கூட்டம் முட்டித் தள்ள,
எண்ணிப் பார்த்துவிட்டுத்தான்
பையில் போட்டேன்.