உயிர்ச் சான்று

ஆண்டுக்கொரு முறை நியூகாசிலில் இருந்து
பழுப்புக் கவர் ஒன்று வரும்.
நீ இன்னும் உயிரோடு இருக்கிறாயா என்று
இத்தனை மரியாதையாக
வேறு யாரும் என்னிடம் கேட்பதில்லை.

திங்கள்சந்தை வங்கிக் கிளை.
மட்டிக்குலை விற்ற காசோடு வந்தவனுக்கு
டோக்கன் நாற்பத்தொன்று. எனக்கு நாற்பத்திரண்டு.
மானேஜர் சஜின்ராஜ் கண்ணாடிக்கு மேலே பார்க்கிறான்:
"நீங்க உயிரோட இருக்கியத நான் நேர்ல பாக்கணும்,
பொறவுதான் சீல்."
நல்லாப் பாத்துக்கோ, கேட்டியா.

பெயர்: ஜாய்ஸ் கனகபாய்.
பிறந்த இடம் என்ற கட்டத்தில்
எப்போதும் என் பேனா நின்றுவிடும்.
பிறந்தது திருவிதாங்கூரில்.
நர்ஸிங் படிக்கப் புறப்பட்டது சென்னை ராஜ்யத்தில் இருந்து.
திரும்பி வந்து பெட்டியை இறக்கியது தமிழ்நாட்டில்.
மூன்றும் ஒரே வீடு,
கிணறுகூட நகரவில்லை.

செய்த வேலை:
அறுபத்து மூன்றில் வவுச்சர் கிடைத்து
வுல்வர்ஹாம்ப்டன் போனேன்.
வாடகை அறைகளின் ஜன்னலில் அட்டை தொங்கியது,
கறுத்தவர்கள் வரவேண்டாம் என்று
அழகான கையெழுத்தில்.
அந்த வீட்டுக்காரி ஒருத்தியின் காலில்
சர்க்கரைப் புண்ணை ஆறு வாரம் கழுவினேன்.
காசில்லாத வைத்தியத்தை முதலில் நான் நம்பவில்லை.
வீட்டுக்குக் கிளம்பிய பூட்டுத் தொழிலாளியிடம்
பில் கொடுக்க மறந்துவிட்டோம் என்று
வாசல்வரை ஓடினேன்.
அவர் தொப்பியைக் கழற்றிச் சிரித்தார்:
"யுத்தத்திலேயே அதைக் கட்டிவிட்டோம், சிஸ்டர்."

ஏழாம் கட்டிலில் குடலிறக்கத்துக்கு வந்த குர்தயால்
பஸ் ஓட்டுகிறவர்.
தலைப்பாகையோடு ஓட்டக்கூடாது என்றது கம்பெனி.
ஊர்வலம் போய்
மழையில் நனைந்த இருமல் வேறு.
எங்களுக்கு அது தலையில் இல்லை, தோளில் என்றேன்.
சந்தை நடுவில் வைத்துக்
குப்பாயத்தைக் கிழித்தார்கள் எங்கள் பெண்களுக்கு,
நூறு வருஷம் இருக்கும்.
"யார் ஜெயித்தது?" என்றார்.
தெரியாது, நாங்கள் மறுபடி தைத்தோம் என்றேன்.
அவர் சிரிக்கப்போய்த் தையல் வலித்தது.
என் தோளில் அப்போது
சிவப்பு உள்துணி வைத்த நர்ஸ் மேலங்கி,
அரசாங்கம் கொடுத்தது.

ஒரு சனிக்கிழமை அந்த ஊர் எம்.பி. பேசினார்.
திங்கட்கிழமை மாத்திரை நீட்டிய கையைத்
தட்டிவிட்டார் ஒருவர்.
செவ்வாய்க்கிழமை வாங்கிக்கொண்டார்,
பார்க்காமல்.

கரண்டை வெட்டிய குளிர்காலத்தில்
டார்ச் வெளிச்சத்தில் ஒரு பிள்ளை பிறந்தது.
எண்பத்திரண்டில் நாங்கள் சம்பளம் கேட்டு நின்றபோது
சுரங்கக்காரர்கள் பஸ் பிடித்து வந்து பக்கத்தில் நின்றார்கள்.
ரெண்டு வருஷம் கழித்து அவர்கள் நின்றார்கள்.
நான் சூப் டின்கள் கொண்டுபோனேன்;
அதற்குமேல் என்ன செய்ய.
பிறகு தரை துடைப்பதைக் குத்தகைக்கு விட்டார்கள்.
ஜமைக்காக்காரி வினிஃப்ரெட் பத்தொன்பது வருஷம்
துடைத்த அதே தாழ்வாரத்தைக்
குறைந்த கூலிக்குத் துடைத்தாள்,
வேறு நிறச் சட்டை போட்டுக்கொண்டு.
கட்டிலுக்கடியில் தூசி சேர்ந்தது.
தூசியைக் குறித்து வைக்கப் புதிதாக ஒரு அதிகாரி வந்தார்.

ஓய்வூதியம்:
அங்கேயே இருந்தால் வருஷா வருஷம் கூடும்.
இங்கே வந்தால், முதல் மாதம் என்ன வந்ததோ
சாகும்வரை அதுவே.
அறுபத்து நாலு பவுன் சொச்சம்,
ரெண்டாயிரத்தில் உறைந்தது,
ஊறுகாய்ப் பரணிக்குள் மாதிரி.
முப்பத்தேழு வருஷம் அவர்கள் ரத்த அழுத்தத்தை
மணிக்கொருதரம் எழுதி வைத்தவள் நான்,
ஏறியதை ஏறியதென்று எழுதுவேன்.
எழுதியும் பார்த்தேன். பதில் வந்தது,
நல்ல இங்கிலீஷில்.

சஜின்ராஜ் சீலைத் தூக்கி ஊதுகிறான்.
"கடைசிக் கேள்வி விட்டுட்டீங்க."

கடந்த ஆண்டில் உங்கள் சூழ்நிலையில்
ஏதேனும் மாற்றம் உண்டா?

இல்லை என்பதில் டிக் போடுகிறேன்.
எதிரே தபாலாபீஸில் பெண்
கவரை எடை பார்த்துச் சொல்கிறாள்,
போன தடவையைவிடக் கூடுதல், ஆச்சி,
ரேட்டு ஏறிப்போச்சு.