மற்றதுகள்

கட்டிலுக்குக் கீழே
பால்மாப் பெட்டியொன்றில்
பதினொரு வலதுகள்.

ஒற்றையாய் எவனும் விற்கமாட்டான்.
புறக்கோட்டை முழுக்கக் கேட்டாயிற்று.
"பாதி விலைக்குத் தரலாம் மிஸ்,
மிச்சப் பாதியை யார் தலையில கட்ட?"
நியாயம்தான்.
வருஷத்துக்கொரு சோடி வாங்கினேன்.
இடது தேயும்.
வலது, உள்ளே திணித்த காகிதப் பந்தோடு
பெட்டிக்குள் போகும்.

பம்பலப்பிட்டிக் கடவையில் போன கால்
எத்தனையாம் அளவென்று
நித்திரையில் கேட்டாலும் சொல்வேன்: ஆறு.
அதற்கு வயது போகவில்லை.
பொய்க்கால் ஒன்று இருக்கிறது,
கதவுக்குப் பின்னால் சாத்தியபடி.
வெக்கையில் அது என்னைப் புண்ணாக்கும்.
கோபம் வந்தால்
நானும் அதைத் துடைக்காமல் விடுவேன்.

நிஸ்மியாதான் சொன்னாள்:
"எங்கட கிளினிக்கில ராக்கை அடிச்சிருக்கு.
இடதுக்கு ஒரு தட்டு, வலதுக்கு ஒரு தட்டு.
சீனி வருத்தத்தில போற கால் மட்டும்
கிழமைக்கு ரெண்டு.
கொண்டு வாங்க."

வாசலில் காவலாளி பையைத் திறக்கச் சொன்னான்.
இந்த ஊரில் பை திறந்து திறந்து
கேட்க முன்னமே
கை ஸிப்பை இழுத்துவிடும்.
ஒன்றை எடுத்தான். இன்னொன்றை.
கவிழ்த்துப் பார்த்தான், அடியில் விலைச்சீட்டு.
ஐந்தாவதில் கை நின்றது.
என் பாவாடை விளிம்பைப் பார்த்தான்,
பிறகு அவசரமாய் வானத்தை.
"மற்றதுகள்?" என்றான் சிங்களத்தில்.
தேய்ந்து போயின என்று சொல்ல நினைத்தேன்.
என் சிங்களத்தில் அது
'காலமாகிவிட்டார்கள்' என்று வந்திருக்க வேண்டும்.
தொப்பியைக் கழற்றினான்.

பத்தைத் தட்டில் வைத்தேன்.
பதினோராவது, தங்கச்சி மகளின் கல்யாணத்துக்கு வாங்கியது.
மெரூன், பித்தளைக் கொக்கி.
அதைக் கையில் வைத்துக்கொண்டு
ஒரு தேத்தண்ணி ஆறும் நேரம் நின்றேன்.
நிஸ்மியா பார்க்காத மாதிரி
பஞ்சு சுற்றிக்கொண்டிருந்தாள்.
வைத்தேன்.

ஐப்பசி மழை. வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால்
பஸ் தரிப்பிடம்.
வங்கிக்குப் போகிறேன் என்பதால்
நல்லதைப் போட்டிருந்தேன், மெரூன் இடது.
பக்கத்தில் வந்து ஒதுங்கினாள் ஒருத்தி.
மீன் வாசம், ஈரச் சீத்தைச் சட்டை,
கக்கத்தில் ஊன்றுகோல்.
அவள்தான் முதலில் கீழே பார்த்தாள்.
என் காலை.
பிறகு தன்னுடையதை.
பிறகு நாங்கள் இருவரும்
நடைபாதைத் தண்ணீரில்
சோடியாய் நின்ற அந்தச் சப்பாத்தை.

நன்றி கின்றி என்று தொடங்கிவிடுவாளோ,
பயமாயிருந்தது.
"கொக்கி கழருது" என்றாள்,
கடைக்காரியிடம் முறையிடும் குரலில்.
மூன்றாவது ஓட்டை என்று விரலால் காட்டினேன்.
குனிய அவளால் ஏலாது.
எனக்கும் ஏலாது.
யாரோ பள்ளிக்கூடப் பொடியன்
புத்தகப்பையைக் கழற்றாமலே குந்தி
மாட்டிவிட்டுப் போனான்.

நூறாம் நம்பர் வந்தது,
வழக்கம்போல் அரைகுறையாய் நின்று.
மிதிபலகையில் அவளுடைய வலது.
அடுத்து என் இடது.
"சுருக்கா, சுருக்கா" என்று
கொண்டக்டர் தகரத்தில் தட்டினான்.