ஐந்து ஒன்பது, இருபத்திரண்டு

சேலத்தில் முடியாது.
கொண்டலாம்பட்டியில் எங்கள் தெருவுக்கு மட்டும்
பதினாறு தறி, ஏழு இன்வெர்ட்டர்,
எண்ணிக்கையில்லாத எல்இடி பல்பு.
ரேடியோவைத் திறந்தால்
புழுங்கலரிசி வறுபடுகிற சத்தம்.
அதனால் வெள்ளி மதியமே
இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி,
டிரான்சீவர் மடியில், லாரி பேட்டரி காலடியில்,
ஏற்காட்டில் ரெஜினாவின் அத்தை வேலை செய்யும்
காப்பித் தோட்டத்து உரக் கொட்டகைக்கு வந்துவிட்டோம்.

தீபாவளிக்குப் பத்து நாள்.
கொலுசுப் பட்டறையில் பற்றவைக்க ஆளில்லை.
காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன்.

செங்கோடன் உண்டிகோலில் தூண்டில் நரம்பைக் கட்டி
சில்வர் ஓக் உச்சிக்குக் குறி வைத்தான்.
மூன்று முறை மிளகுக்கொடி,
ஒரு முறை ரெஜினாவின் தோள்.
ஐந்தாவதில் நரம்பு கிளை தாண்டியது.
நரம்பின் பின்னால் கயிறு, கயிற்றின் பின்னால் கம்பி.
கம்பியின் நடு இணைப்பு என் வேலை:
சலங்கை முத்துக்கு வளையம் வைக்கிற கை,
ஈயம் ஒரு சொட்டு சிந்தவில்லை.

சனி காலை ஐந்தரை.
கிரீன்விச்சில் பூஜ்யம்.
பூமி முழுக்க ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கியது.

போட்டியில் பேச்சு கிடையாது.
பெயர் கேட்காதே, மழையா என்று கேட்காதே.
உன் அழைப்புக்குறி, என் அழைப்புக்குறி,
ஐந்து ஒன்பது, மண்டலம் இருபத்திரண்டு,
நன்றி, அடுத்து.

ஐந்து ஒன்பது என்றால்
நீ சொல்வது அட்சரம் பிசகாமல் கேட்கிறது என்று பொருள்.
கேட்காவிட்டாலும் அதையேதான் சொல்ல வேண்டும்.
கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிட்டவனுக்கும் ஐந்து ஒன்பது.
எழுத்தெழுத்தாகப் பிடுங்கி வாங்கிய
மங்கோலியாக்காரருக்கும் ஐந்து ஒன்பது.
இத்தனை பேர் கூடி
இவ்வளவு மரியாதையாகப் பொய் சொல்வதை
நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மாலையில் ஐரோப்பா திறந்தது.
ரெஜினா மணிக்கு நூற்றுப் பத்து.
பெண் குரல் என்றதும் கூட்டம் இரட்டித்தது,
அவள் ஒருத்தனுக்கும் சிரிக்கவில்லை,
ஒரு கையில் பஜ்ஜி, ஒரு கையில் விசைப்பலகை.

இரவு மூன்று மணிக்குக்
காட்டெருமை ஒன்று வந்து
இழுப்புக் கயிற்றில் முதுகைத் தேய்த்தது.
முள் எகிறியது.
பிரேசில் அறுந்து விழுந்தது.
போய் விரட்டு என்றான் செங்கோடன்.
நீ போ என்றேன்.
யாரும் போகவில்லை. அதற்கு அரிப்புத் தீரும்வரை
மூவரும் டார்ச்சை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

ஞாயிறு மதியம் தோட்டத்து கேட் அருகே
ஒரே ஒரு புள்ளி டவரில் பரிமளா கூப்பிட்டாள்.
கேக்குதா என்றாள்.
கேக்குது என்றேன்.
ஏதோ சொன்னாள், நீளமாக.
சரி என்றேன். சரி சரி.
உள்ளே பதினைந்து மீட்டர் காய்ந்துகொண்டிருந்தது.

அன்று இரவு, நாற்பது மீட்டரில்,
இரைச்சலுக்கும் அடியில் ஒரு குரல்.
கடைசி எழுத்து எஸ்ஸா, எஃப்பா?
அகைன், என்றேன்.
சொன்னார்.
அகைன்.
சொன்னார். அவசரமில்லாமல்,
முதல் தடவை சொல்வதுபோலவே.
எஸ்ஸுன்னு போடு, தப்புன்னா தப்பு,
இதுக்குள்ள பத்துப் பேரப் பிடிச்சிருக்கலாம்
என்று செங்கோடன் தொடையில் தட்டினான்.
அகைன், என்றேன்.
பனி கொட்டகைக்குள் வந்து
மீட்டர் கண்ணாடியில் படிந்தது.
ஏழாவது முறை, எஃப்.
ஐந்து ஒன்பது, என்றேன் அவரிடம்.

திங்கள், பட்டறைக்கு நேரமாகிவிட்டது.
கம்பியின் ஒரு முனை
இன்னும் மரத்தில்தான் சிக்கிக் கிடக்கிறது.
பதினோராம் வளைவில் டவர் கிடைத்தது.
நேத்து நான் எதுக்குச் சரின்னு சொன்னேன்,
என்று கேட்டேன்.
அந்தப் பக்கம் தறி ஓடுகிறது.
அவள் பேசுகிறாள், தறி ஓடுகிறது,
பேருந்து ஹாரன் அடித்துத் திரும்புகிறது.
அகைன், என்று வாயில் வந்துவிட்டது.
பிறகு,
கேக்கல பரிமளா,
மறுபடி சொல்லு.