இரண்டு விரற்கடை

சீட்டை ஏற்றச் சொல்கிறாள் பிசியோதெரபிஸ்ட் வினுதா.
எவ்வளவு என்றேன்.
எரடு பெரளு என்று
இரண்டு விரலைப் படுக்கவைத்துக் காட்டினாள்.

என் வலது முட்டி அவள் கையில் இருந்தது.
சில்லின் கீழ்விளிம்பை அழுத்தி, இங்கேயா?
இங்கேதான்.
அல்சூரிலிருந்து மகாதேவபுரம்
போகப் பதினொன்று, வரப் பதினொன்று.
ரத்தக் குப்பிகளுக்கு ஒட்டுச்சீட்டு ஒட்டுகிற வேலைக்கு
ஆறரைக்குள் போயாக வேண்டும்.
மேம்பாலம் ஏறுகையில் உள்ளே யாரோ
காலி மிக்சர் பாக்கெட்டைக் கசக்குகிறார்கள்.

பில்லின் பின்புறம் படம் போட்டாள்:
ஒரு கோடு தொடை, ஒரு கோடு கணுக்கால் வரை,
நடுவில் என் மூன்று வருடத்துத் தவறு.
கால் நீளவே இல்லை உங்களுக்கு,
முக்காலியில் உட்கார்ந்தபடியே
மாடிப்படி ஏறியிருக்கிறீர்கள்.

தலையாட்டினேன்.
தெரியாமல் தாழ்த்தவில்லை என்று
அவளிடம் சொல்லவில்லை.

டின் ஃபேக்டரி முனையில்
விளக்குப் போடாமல் பேருந்து இடப்பக்கம் ஒடிக்கும்போது
என் இரண்டு பாதமும் குதிகால் வரை
தரையில் பட வேண்டும்.
சைக்கிளுக்கென்று பச்சை அடித்த பாதையில்
வரிசையாய் உறங்கும் கார்களில் ஒன்று
திடீரென்று கதவை விரிக்கும்போது.
நேற்று இருந்த சாக்கடை மூடி
இன்று இல்லாதபோது.
பிரேக்கை நான் நம்பியதில்லை.
பாதத்தைத்தான்.
உயிரை அந்த இரண்டு விரற்கடையில்
முடிந்து வைத்திருக்கிறேன்.
அதற்கான வட்டியை
முட்டி கட்டிக்கொண்டிருக்கிறது.

எதிரே தினமும் சங்கப்பா வருவார்.
இரவுக்காவல் முடிந்து, நீலச் சட்டையோடு,
என் பாதையிலேயே, தப்பான திசையில்.
முன்விளக்கு என்பது
சட்டைப்பையில் எரியும் அவர் போன்.
ஒருமுறை கத்திவிட்டேன், இது ஒன்வே!
அவர் நிறுத்தி, ஒரு காலை ஊன்றி,
நான் ஹோகோ தாரி இதே மேடம் என்றார்.
அந்தப் பக்கம் போக
இரண்டு கிலோமீட்டர் தள்ளி யூ-டர்ன்.
என்ஜின் உள்ளவர்களுக்காக அளந்த தூரம்.
அதற்குப் பிறகு மணி மட்டும்,
அவர் ஒன்று, நான் ஒன்று.

பத்து நாள் மணி இல்லை.
விடுப்பாய் இருக்கும் என்றேன்.
ஊருக்குப் போயிருப்பார் என்றேன்.
தூண்களின் எண்ணை வாசித்தபடி மிதித்தேன்.
சாலையோரம் பார்க்கவில்லை.

பதினொன்றாம் நாள் நடந்து வந்தார்
சைக்கிளைத் தோளில் சாய்த்துத் தள்ளிக்கொண்டு.
முன்சக்கரம் எட்டுப் போட்டிருந்தது,
லைசென்ஸ் கேட்காத வண்டி.
எந்த வண்டி இடித்தது என்றேன்.
வெள்ளை என்றார்.
இந்த ஊரில் பாதி வெள்ளை.
தூண் ஓரமாய்ப் பேண்ட்டைச் சுருட்டி
ஊதாமருந்து பூசிய முட்டியைக் காட்டினார்.
என்ன தோன்றியதோ,
நானும் சுடிதார்க் காலை ஏற்றி
என் எலாஸ்டிக் பட்டையைக் காட்டினேன்.
ஒரு ஆட்டோக்காரர் எட்டிப்பார்த்து
ஹாரன் அடித்துச் சிரித்துப் போனார்.
நாங்களும் சிரித்தோம்,
அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு,
அங்கேயும் அடி போல.

அன்றிரவு மாடிப்படிக்குக் கீழே
ஸ்பானரோடு குந்தினேன்.
குந்தும்போது வலித்தது.
துருவேறிய நட்டு
மூன்றாவது திருகில்தான் இளகியது.
ஏற்றினேன், அளந்தேன்,
இறக்கினேன், அளந்தேன்.
ஒரு விரல் வைத்து இறுக்கினேன்.

வினுதா கேட்டால்
ஏற்றிவிட்டேன் என்பேன்.
பொய் இல்லை.

காலையில் டின் ஃபேக்டரி சிவப்பு.
பக்கத்தில் பேருந்து உறுமுகிறது,
அதன் டயர் என் தோள் உயரம்.
முட்டி இன்று கொஞ்சம் பேசாமல் இருக்கிறது.
வண்டி ஒருபக்கம் சாய,
செருப்புக்குள் பெருவிரல் நீண்டு
தார்ச்சாலையைத் துழாவுகிறது
மின்சாரம் போன வீட்டில்
தீப்பெட்டி தேடும் கைபோல